கட்டாக்காலி நாய்களிடமிருந்து குடும்பத்தைக் காப்பது எப்படி: திருகோணமலைக்காரருக்கான முழு வழிகாட்டி

திருகோணமலைப் பட்டினத்தில் நாய் படுக்காத ஒழுங்கையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மீன் சந்தைப் பக்கம், பஸ் நிலையம், கல்யாண மண்டபங்களின் பின்புறம், திருக்கடலூர்க் கரை, உப்புவெளி ஹோட்டல்களின் குப்பைத் தொட்டி என்று எங்கே சாப்பாடு விழுகிறதோ அங்கே ஒரு கூட்டம் இருக்கும். பெரும்பாலானவை ஒருவரையும் கடிப்பதில்லை. கடிக்கிற சிலதும் காரணமில்லாமல் கடிப்பது குறைவு. அந்தக் காரணம் பல நேரம் நம்முடைய ஓட்டம், கையசைப்பு, அல்லது தெரியாமல் நாம் போய் நின்ற இடம்.

இதில் ஆபத்து இரண்டு வகை. ஒன்று, நாய் பாய்வது. மற்றது, பாய்ந்த பிறகு வரக்கூடிய விசர், அதாவது ரேபிஸ் நோய். முதலாவதற்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். இரண்டாவதை அலட்சியம் செய்கிறார்கள். படலைக்குள் நின்று குரைக்கிற பெரிய நாய்க்காக ஒழுங்கையையே சுற்றிப் போகிற ஆள், ஆறு வார நாய்க்குட்டி ஒன்று பிள்ளையின் விரலைக் கவ்விப் பல் பதித்தால் "குட்டிதானே" என்று விட்டுவிடுவார். உயிரை எடுப்பது பெரும்பாலும் அந்த "தானே"தான். ஆகவே இந்த வழிகாட்டியில் நாய் கடித்த பிறகு செய்ய வேண்டியதற்கும் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

எந்த நாய், எந்த நேரம்

வெளியே இறங்குவதற்கு முன் உங்கள் வழியில் உள்ள நாய்களைத் தெரிந்து வையுங்கள். உண்மையான தொல்லை அநேகமாகத் தெருநாயால் வருவதில்லை. சொந்தக்காரர் இருந்தும் படலை திறந்துவிடப்பட்ட வீட்டு நாயால்தான் வருகிறது. அது வீட்டுக்கு முன்னால் உள்ள பத்துப் பதினைந்து மீற்றர் வீதியையும் தன்னுடையதாகவே நினைக்கும். அந்தத் துண்டைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்று இரண்டு தடவை கவனித்தால் போதும், எதிர்ப்பக்கமாக நடக்கலாமா வேறு ஒழுங்கையால் போகலாமா என்று முடிவெடுக்கலாம்.

அடுத்தது குட்டி போட்ட தாய். மதகுக்குக் கீழே, கட்டி முடியாத வீட்டுக்குள், மணல் குவியலுக்குப் பின்னால் இருக்கும். நேற்றுவரை வாலாட்டிய நாயாக இருந்தாலும் குட்டி கண் திறந்து ஓடித் திரியும்வரை கிட்டப் போக வேண்டாம். பெட்டை நாய் ஒன்றின் பின்னால் நாலைந்து கடுவன்கள் திரிகிற காலமும் அப்படித்தான். அவை தங்களுக்குள் சண்டை பிடிக்கும்போது நடுவில் போகிறவரின் கால் அகப்படும். இந்தக் காலம் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அதுவரை வழியை மாற்றுவதுதான் மலிவான மருந்து.

கரைவலை இழுக்கிற இடத்திலும் மீன் வெட்டுகிற இடத்திலும் குடலுக்கும் தலைக்கும் காத்திருக்கிற நாய்கள் மனிதருக்குப் பழகியவை. ஆனால் வாயில் தீனி இருக்கும்போது பிள்ளை கிட்டப் போனால் அந்தப் பழக்கம் உதவாது. கோட்டைப் பக்கம் இன்னொன்று உண்டு. பிரெட்ரிக் கோட்டையிலிருந்து பட்டினத்துக்குள் வருகிற மான்களை நாய்கள் துரத்தும்போது, மானும் நாயும் பார்க்காமல் வீதியைக் குறுக்கறுக்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஒதுங்கி நின்றுவிட வேண்டும். மானைக் காப்பாற்றவென்று இடையில் இறங்கினால், துரத்துகிற வெறியில் இருக்கிற கூட்டம் உங்கள் பக்கம் திரும்பலாம்.

வீதி வெறிச்சோடுகிற நேரம் நாய்க்குச் சொந்தமான நேரம். இரவு ஒன்பதுக்குப் பிறகும் விடியற்காலையிலும் அவை கூட்டமாகத் திரியும். மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்குப் போகிறவர்கள், நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்து வருகிறவர்கள், விடியலில் கடற்கரையில் ஓடுகிறவர்கள், மீன் எடுக்கப் போகிற வியாபாரிகள் எல்லாரும் இந்த நேரத்தில்தான் வீதியில் இருப்பார்கள். ரோர்ச், குடை, முடிந்தால் கூட ஒருவர். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரி மழையில் நாய்கள் கடை விறாந்தைகளிலும் நிறுத்திய வாகனங்களின் கீழும் ஒடுங்கிக் கிடக்கும். ஓட்டோவில் ஏறுவதற்கு முன் குனிந்து ஒரு பார்வை பாருங்கள். தூங்குகிற நாயின் வாலை மிதிப்பதுபோல நிச்சயமாகக் கடி வாங்கும் வழி வேறில்லை.

நாய் என்ன சொல்லுகிறது

குரைப்பது பெரும்பாலும் எச்சரிக்கை. குரைத்துக்கொண்டே முன்னும் பின்னும் போகிற நாய் உங்களை விலகச் சொல்லுகிறது. பயப்பட வேண்டியது சத்தம் அடங்குகிற நாய்க்கு: உடம்பு விறைத்து, முதுகுமயிர் எழும்பி, கண் வெட்டாமல் பார்த்து, வாலை உயரத் தூக்கிச் சின்னதாக விறைப்பாக ஆட்டினால் அது அன்பு இல்லை. வால் முழுவதும் இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் மட்டும்தான் சிநேகம்.

இன்னொரு வகை, வாலைக் காலிடுக்கில் வைத்து, காதைப் பின்னுக்கு ஒட்டி, கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கிற பயந்த நாய். மூலையில் அகப்பட்டால் இதுதான் முதலில் கடிக்கும். அதற்கு ஓட ஒரு வழி விட்டு நில்லுங்கள்.

விசர் பிடித்த நாயைச் சில அடையாளங்களால் சந்தேகிக்கலாம். எச்சில் வழியும், கீழ்த்தாடை தொங்கும், குரைக்கும் குரல் மாறும், பின்னங்கால் தள்ளாடும், கண்டதையும் கடிக்கும், சீண்டாமலே ஆளை ஆளாகப் பாயும். எதிர்மாறாக, இருட்டுக்குள் ஒதுங்கி அசையாமல் கிடக்கிற விசரும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியது என்று நினைத்து அதன் வாய்க்குள் கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கனிவு அதிகமானவர்கள் செய்கிற தவறு இது. தொடாமல் விலகி, பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

நடந்து போகும்போது

நாய் உங்களைப் பார்த்து வந்தால் ஓடாதீர்கள். ஓட்டத்தில் நாயை வெல்ல முடியாது. ஓடுவது துரத்தச் சொல்லி அழைப்பது. நில்லுங்கள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல், அதன் காலைப் பார்த்து, உடம்பைச் சற்றுப் பக்கவாட்டாகத் திருப்புங்கள். கையைத் தூக்கினால் நாயும் மேலே பாயும், கீழேயே வைத்திருங்கள். கீச்சென்று கத்த வேண்டாம். அடிக்குரலில், உறுதியாக, ஒருதடவை "போ" என்றால் போதும். ஊர் நாய்க்கு அந்தச் சொல் தெரியும்.

பிறகு உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஏதாவதொன்றை வையுங்கள்: மரக்கறிப் பை, பள்ளிக்கூடப் பை, சைக்கிள், எதுவானாலும். குடை இருந்தால் மிகவும் நல்லது. மூடிய குடையை இடுப்புக்குக் கீழே, நுனி நாயின் மூக்கை நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். மூன்று நான்கு மீற்றருக்குள் வந்தால் பொத்தானை அழுத்தி விரியுங்கள். திடீரென்று பெரிதாகிற கறுப்பு வட்டம் அநேக நாய்களைத் திகைக்க வைக்கும். அதற்குப் பின் உங்கள் காலும் அதற்குத் தெரியாது. விரித்த குடையை முன்னால் பிடித்தபடி, முதுகைக் காட்டாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு நகருங்கள். தடுக்கி விழாமல் இருக்கக் காலைத் தூக்காமல் தேய்த்தே வையுங்கள். சுவரோ வேலியோ இருந்தால் முதுகை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டமாக வந்தால் இது முக்கியம், ஏனென்றால் பின்பக்கம் சுற்றி வருகிற நாய்தான் குதிக்காலைக் கவ்வும்.

கல்லெடுப்பதுபோலக் குனிகிற நம்முடைய பழைய வித்தை வேலை செய்யும். கல்லெறி பட்டு வளர்ந்த நாய், கை நிலத்தை நோக்கிப் போவதைக் கண்டதுமே விலகும். ஆனால் ஐந்து மீற்றருக்கு மேல் தூரத்தில், ஒற்றை நாய்க்கு மட்டும். கிட்ட வந்த பிறகு குனிந்தால் உங்கள் முகம் அதன் பல் மட்டத்துக்கு வந்துவிடும். குட்டி போட்ட தாய் இதற்கெல்லாம் அசையாது. கல்லை உண்மையாகவே எறிவதும் எங்களுக்கு உடன்பாடில்லை: படாவிட்டால் கையில் ஒன்றுமில்லை, பட்டால் நாளை அதே வழியால் உங்கள் பிள்ளை போகும்போது அது மறந்திருக்காது. தடி கொண்டு போனாலும் ஓங்காதீர்கள். நுனியை நிலத்தை நோக்கிப் பிடித்து நடுவில் வைத்தால் போதும்.

சைக்கிள், மோட்டார் சைக்கிள்

நாய் துரத்துவது சுழல்கிற சக்கரத்தையும் அசைகிற காலையும். சைக்கிள் என்றால் நிறுத்தி, நாய்க்கு மறுபக்கமாக இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து உருட்டிக்கொண்டு நடங்கள். சக்கரம் மெதுவானதும் பாதி நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். பெடல் போட்டுத் தப்ப நினைப்பது பிள்ளைகள்தான். அவர்களுக்கு இதை வீட்டு வளவிலேயே நாலு தடவை செய்து காட்டுங்கள்.

மோட்டார் சைக்கிளில் கடியைவிட விழுகைதான் மோசம். நாய் குறுக்கே வந்து உங்களைச் சந்திக்கிற புள்ளியைக் கணக்குப் போட்டே ஓடிவருகிறது. தூரத்தில் கண்டதும் வேகத்தைக் குறைத்து கியரை இறக்குங்கள். அதன் கணக்குப் பிழைத்து முன்னால் வந்து நிற்கும். பின்னால் வாகனம் இல்லையா என்று பார்த்து, அதை விலக்கிச் சீராக வேகம் எடுங்கள். காலால் உதைக்கவே வேண்டாம். ஒற்றைக் காலைத் தூக்கியதும் ஹாண்டில் ஆடும். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற அம்மாவுக்கோ அக்காவுக்கோ தொங்குகிற கால்தான் இலக்கு. இரண்டு பாதமும் படியில் இருக்கட்டும், சாறித் தலைப்பையும் சோலையும் மடியில் செருகட்டும், பயத்தில் ஓட்டுகிறவரைப் பிடித்து இழுக்காமல் இருக்கட்டும். இதைப் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள், நாயைக் கண்ட பிறகு சொன்னால் காதில் விழாது.

பிள்ளைகளுக்கு

சின்னப்பிள்ளையின் முகமும் நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் பிள்ளைக்குக் கடி தலையிலும் கழுத்திலும் விழும். மூளைக்குக் கிட்ட என்பதால் விசர்க் கிருமிக்கும் அது குறுக்குவழி.

இரண்டு விளையாட்டுப் பழக்குங்கள். "மரம்": நாய் வந்தால் அசையாமல் நின்று, கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, தன் பெருவிரலையே பார்த்து மனதுக்குள் எண்ண வேண்டும். நாய் மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். "கல்லு": விழுத்திவிட்டால் முழங்காலை வயிற்றோடு மடக்கிக் குப்புறச் சுருண்டு, இரண்டு கைவிரல்களையும் பிடரியில் கோத்து, முழங்கையால் காதையும் முகத்தையும் மூட வேண்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும். நீங்களே நாயாக ஓடிவந்து பழக்குங்கள், சிரித்துச் சிரித்துப் பழகினது நினைவில் நிற்கும்.

சாப்பிடுகிற நாய், தூங்குகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய், கட்டி வைத்த நாய் ஆகிய நான்குக்கும் கிட்டப் போகக் கூடாது. இதைவிடப் பெரிய விதி ஒன்று பெற்றோருக்கு: நாய் கீறியது, நக்கியது, கடித்தது என்று பிள்ளை வந்து சொன்னால் ஏசவோ அடிக்கவோ கூடாது. "நாயோடு விளையாடாதே என்று சொன்னேனே" என்ற ஏச்சுக்குப் பயந்து பிள்ளை காயத்தைச் சட்டைக்குள் மறைக்கும். டியூசன் முடிந்து வந்ததும் கால் கழுவும்போது கணுக்காலைப் பார்க்கிற பழக்கம் நல்லது.

பாய்ந்துவிட்டால்

கையில் இருப்பதை அதன் வாய்க்குக் கொடுங்கள்: பை, செருப்பு, சுருட்டிய சோல். எதுவுமில்லாவிட்டால் முன்னங்கையைக் குறுக்கே பிடித்துத் தொண்டையையும் முகத்தையும் காப்பாற்றுங்கள். விழாமல் நிற்பதுதான் முதல் வேலை. கவ்விவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். துளையாக இருந்திருக்க வேண்டிய காயம் கிழிசலாவது இப்படித்தான்.

உதவிக்கு வருகிறவர்கள் பிள்ளையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை நாயின் முகத்தில் அடியுங்கள், சாக்கையோ போர்வையையோ தலையில் போடுங்கள், கதிரையை நடுவில் தள்ளுங்கள். விட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படலையைச் சாத்துங்கள்.

முதல் 15 நிமிடம்

ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன் காயத்தைக் கழுவ வேண்டும். இரத்தம் பீறிட்டால் மட்டும் முதலில் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

1. பைப்பைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் காயத்தைப் பிடியுங்கள். பைப் இல்லாத இடத்தில் ஒருவர் வாளியிலிருந்து விடாமல் ஊற்றட்டும்.
2. சவர்க்காரம் போடுங்கள். உடுப்புச் சவர்க்காரமானாலும் பரவாயில்லை. நுரையைக் காயத்துக்குள்ளும் போகவிடுங்கள்.
3. மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம். மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது அநேகமாக மூன்று நிமிடம்தான்.
4. பொவிடோன் அயோடின் இருந்தால் பூசுங்கள். இல்லாவிட்டால் அப்படியே புறப்படுங்கள்.

விசர் வைரசைச் சுற்றி ஒரு கொழுப்புறை உண்டு. சவர்க்காரம் அதை உடைத்துவிடும். கழுவாத காயத்தில் கிருமி நரம்புக்குள் ஏறும், ஏறிய பிறகு எந்தச் சவர்க்காரமும் எட்டாது. சுண்ணாம்பு, மஞ்சள், கோப்பித் தூள், மிளகாய், மண்ணெண்ணெய் எல்லாம் காயத்தை எரித்துக் கிருமியை உள்ளே விட்டு மூடுகிற வேலைகள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில்

திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டியதற்கோ அன்றே போங்கள். அரச வைத்தியசாலையில் இந்த ஊசி இலவசம். இரத்தம் வராத கீறலுக்கும், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ நாயின் எச்சில் பட்டதற்கும் போக வேண்டும். பூனை கடித்தாலும் அதே வழிதான். குரங்கு, கீரி கடித்தாலும் காட்டுங்கள்.

வைத்தியர் கேட்பவற்றுக்குத் தயாராகப் போங்கள்: எப்போது, எங்கே கடித்தது, சீண்டிக் கடித்ததா சீண்டாமலா, ஆருடைய நாய், அதற்கு ஊசி போட்ட அட்டை உண்டா, நாய் இப்போது எங்கே. கடிபட்டவர் முன்பு எப்போதாவது விசர்நாய்க்கடி ஊசி போட்டிருந்தால் அந்த அட்டையையும் கொண்டு போங்கள்; போட வேண்டிய ஊசி குறையலாம்.

வயிற்றில் ஊசி போடுகிற காலம் போய்விட்டது. இப்போது மேற்கையில், அநேகமாகத் தோலுக்குள்ளேயே சின்ன அளவாகப் போடுகிறார்கள். முதல் நாள் (அதை 0 என்று எண்ணி), 3ஆம் நாள், 7ஆம் நாள், 30ஆம் நாள் என்பது வழமையான கணக்கு. உங்கள் அட்டையில் எழுதித் தருகிற திகதிதான் உங்களுக்குச் சட்டம். ஆழமான அல்லது பல இடக் கடிக்கும், தலை, முகம், கழுத்து, கைகளில் பட்ட கடிக்கும் எதிர்ப்புச் சீரத்தைக் காயத்தைச் சுற்றியே போடுவார்கள். தடுப்பூசி உடம்பில் வேலை தொடங்க நாள் எடுக்கும். அதுவரை காவல் நிற்பது சீரம். ஒவ்வாமை வரலாம் என்பதால் முன்பின்னாகக் கொஞ்ச நேரம் இருத்திப் பார்ப்பார்கள், வீட்டுக்கு அவசரப்படாதீர்கள். ஏற்பு ஊசியையும் கேளுங்கள். உடனே தையல் போடவில்லையே என்று சண்டை பிடிக்க வேண்டாம். சீரம் போடாமல் தைத்தால் ஊசி நுனியே கிருமியை ஆழத்துக்குக் கொண்டுபோகும்.

தவறிப்போவது பெரும்பாலும் கடைசி ஊசி. காயம் ஆறி, நாயும் நன்றாக நிற்கிறது, வேலை நாள் என்று 30ஆம் நாளை விட்டுவிடுகிறார்கள். நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று மாதம் எடுப்பது வழக்கம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். வெளிப்பட்டபின் காப்பாற்ற மருந்தில்லை. கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிற தாய்க்கும் இந்த ஊசி போடலாம். மீன், முட்டை ஒதுக்குகிற பத்தியம் தேவையில்லை. கடித்துச் சில நாள் கடந்துவிட்டதென்றாலும் போங்கள். பிந்திப் போனது போகாமல் இருப்பதற்குக் காரணமல்ல.

அந்த நாயை

அடித்துக் கொல்லாதீர்கள். உயிரோடு கண்ணில் படும்படி 14 நாள் இருந்தால், அதற்கு விசர் இருந்ததா என்பதற்கு அதுவே பெரிய தகவல். அயல்வீட்டு நாய் என்றால் கட்டி வைத்துத் தீனி தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் செத்தால், காணாமல் போனால், நடத்தை மாறினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் சொல்ல வேண்டும். நாயைப் பார்த்துக்கொண்டு இருப்பதா ஊசி போடுவதா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும், பக்கத்து வீட்டு மாமா அல்ல.

செத்த நாயைப் புதைக்கவோ எரிக்கவோ முன் பி.எச்.ஐ.க்கு அறிவியுங்கள். மூளையைச் சோதித்துத்தான் விசரை உறுதி செய்யலாம். தலையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். மண்டை நொறுங்கியிருந்தாலோ அழுகியிருந்தாலோ சோதனை பிழைக்கும். வெறுங்கையால் தொட வேண்டாம்.

வீடும் ஒழுங்கையும்

படலைக்குக் கீழே பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் பலகையோ தகடோ அடியுங்கள். மீன் கழிவை உரப்பையில் கட்டி வேலியோரம் வைக்காமல், முழங்கையளவு ஆழக் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். தென்னையடி அதற்குத் தோதான இடம். தெருநாய்க்குச் சாப்பாடு வைக்கிறவர்களோடு சண்டை பிடிப்பதைவிட, அவர்களையே கூட்டாளியாக்குங்கள். அந்த நாய் பிடி கொடுப்பது அவர்களுக்குத்தான்; ஊசி போட ஆள் வரும்போது பிடித்துத் தரக்கூடியவர்களும் அவர்களே. வைக்கிற இடம் மட்டும் பள்ளிக்கூட வழியாகவோ பஸ் தரிப்பாகவோ இருக்க வேண்டாம் என்று கேளுங்கள்.

நஞ்சு வைக்கிற யோசனை அடிக்கடி வரும். கொடுமை என்பது ஒருபுறம்; நஞ்சு கலந்த இறைச்சி பிள்ளையின் கைக்கும் போகும். அதோடு ஊசி போட்ட நாய்கள் செத்து இடம் காலியானால், ஊசி போடாத நாய்கள் பக்கத்து ஒழுங்கையிலிருந்து வந்து நிரப்பும். 2006 முதல் அரசின் கொள்கையும் கொல்வதல்ல, தடுப்பூசியும் கருத்தடையும்தான். பெட்டை நாயின் சினைக்காலம் 63 நாள் அளவுதான், வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடக்கூடும். ஒழுங்கையில் உள்ள இரண்டு பெட்டைகளுக்குக் கருத்தடை செய்தால் அடுத்த வருடமே வித்தியாசம் தெரியும். காதில் வெட்டு அடையாளம் உள்ளது அநேகமாகக் கருத்தடை செய்த நாய். ஆனால் தடுப்பூசி வருடாவருடம் போட வேண்டியது, வெட்டைப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

வீட்டில் நாய் வளர்க்கிறவருக்குச் சட்டம் புதிதல்ல: நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டினது. உள்ளூராட்சி மன்றத்தில் பதிந்து, வருடந்தோறும் ஊசி போட்டு, அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளோடு வையுங்கள்.

தொல்லை தருகிற கூட்டத்தைப் பற்றி முறையிடும்போது "நாய்த் தொல்லை தாங்க முடியவில்லை" என்ற கடிதம் கோப்புக்குள் போய்விடும். ஒழுங்கையின் பெயர், எத்தனை நாய், அதில் எத்தனை பெட்டை, குட்டி உண்டா, எந்த நேரம் கூடுகின்றன, கடிபட்டவர்கள் இருந்தால் திகதி, பிடித்துத் தர ஆயத்தமாக உள்ள இரண்டு வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, உள்ளூராட்சி மன்றத்துக்கு ஒன்றும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்றுமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தடுப்பூசிக் குழு வருகிற நாளை முன்கூட்டியே சொல்லும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள். நாயைப் பிடிக்கக் காலையில் ஆள் வேண்டும், பத்து மணிக்குப் பிறகு அவை எங்கே போகுமென்று அவற்றுக்கே தெரியாது.